அரிப்புக் கரையில் விடுபட்ட பெயர்கள்

புதிதாகச் சந்திக்கும் ஒருவரின் பெயரை நினைவில் வைத்திருப்பது எளிதான காரியமன்று. திருமண வீட்டிலோ பொதுக்கூட்டத்திலோ நமக்கு அறிமுகம் செய்து வைக்கப்படுகின்றவரின் முகம் மனத்தில் பதிகின்றது. அவருடைய ஊர் பதிகின்றது. அவர் ஆசிரியரா, வைத்தியரா, வள்ளம் வைத்துத் தொழில் செய்பவரா என்பதும் பதிந்துவிடுகின்றது. பெயர் மட்டும் பத்து நிமிடத்தில் நழுவிவிடுகின்றது. இது வயதினால் வருகின்ற குறை என்று பலர் எண்ணுவர். இளைஞர்களுக்கும் இதே நிலைதான் என்பதை அவர்களோடு பழகியவர் அறிவர்.

பத்திரிகைத் தொழிலில் நீண்ட காலத்தைக் கழித்தவன் என்ற முறையில் பெயர்களைப் பற்றி எனக்குத் தனியான ஓர் அக்கறை உண்டு. அந்நாட்களில் பத்திரிகை அலுவலகங்களில் புதிதாகச் சேருகின்றவர்களுக்கு முதலில் கற்பிக்கப்பட்ட பாடம், செய்தியை எழுதுவதற்கு முன்னர் பெயரைச் சரியாக எழுது என்பதாகும். முதலெழுத்து எது, தகப்பனார் பெயர் எது, ஊர் எது என்று கேட்டு எழுதிவிட்டே மற்றவற்றைக் கேட்க வேண்டும். செய்தியில் ஒரு தகவல் பிழைத்தால் வாசகர் பொறுத்துக்கொள்வார். மரண அறிவித்தலில் ஒரு மருமகனின் பெயர் விடுபட்டால் மறுநாட் காலையில் அந்தக் குடும்பமே அலுவலக வாசலில் நிற்கும்.

இந்த அக்கறையோடு இலங்கையின் வரலாற்றைப் படிக்கின்றபோது, ஓர் ஊர் என் கவனத்தைப் பலமுறை ஈர்த்திருக்கின்றது. அது மன்னார்த் தீவுக்குத் தெற்கே, பெருநிலப்பரப்பின் கரையில், அருவி ஆறு கடலோடு கலக்கும் இடத்துக்கு அருகில் அமைந்த அரிப்பு என்னும் சிற்றூர். முசலிப் பிரதேசத்தைச் சேர்ந்தது. சிங்களத்தில் மல்வத்து ஓயா எனப்படும் அருவி ஆறு அனுராதபுரத்தைத் தொட்டு ஓடிவந்து இங்கேதான் கடலை அடைகின்றது. எதிரே கடலில் முத்துச் சிப்பிப் பார்கள். ஆகவே ஆற்று வழியாக உள்நாட்டிலிருந்தும், கடல் வழியாகப் பிற நாடுகளிலிருந்தும் அந்நியர்கள் வந்து சந்தித்த இடம் இது. வந்தவர்கள் பலர் எழுதத் தெரிந்தவர்கள். அவர்கள் இக்கரையில் யாரைச் சந்தித்தார்கள், யாருடைய பெயரை நினைவில் கொண்டு சென்றார்கள், யாருடைய பெயரை விட்டுச் சென்றார்கள் என்று பார்ப்பது பயனுள்ளது.

மிகப் பழைய கதையிலிருந்து தொடங்குவோம். உரோம எழுத்தாளரான பிளினி முதலாம் நூற்றாண்டில் எழுதிய இயற்கை வரலாறு என்னும் நூலில் தப்ரபேன் என்ற பெயரில் இலங்கையைப் பற்றிக் கூறுகின்றார். கிளோடியஸ் பேரரசனின் காலத்தில், செங்கடற் பகுதியில் வரி அறவிடும் உரிமையைக் குத்தகைக்கு எடுத்திருந்த அன்னியஸ் புளோகாமஸ் என்பவரிடம் அடிமையாக இருந்து விடுதலை பெற்ற ஒருவன் அரேபியாவைச் சுற்றிக் கப்பலில் சென்றுகொண்டிருந்தான். காற்றினால் அடித்துச் செல்லப்பட்டுப் பதினைந்தாம் நாள் இலங்கையின் இப்புரோஸ் என்ற துறையை அடைந்தான். ஆறு மாதம் அரசனின் விருந்தினனாக இருந்து இந்நாட்டு மொழியைக் கற்றுக்கொண்டான். அவனிடம் இருந்த நாணயங்களில் வெவ்வேறு அரசர்களின் தலைகள் பொறிக்கப்பட்டிருந்தும் அவை யாவும் ஒரே நிறையாக இருந்ததைக் கண்டு அரசன் வியந்தான் என்றும், அதனால் உரோமரின் நேர்மையில் மதிப்புக் கொண்டு நால்வரைத் தூது அனுப்பினான் என்றும் பிளினி எழுதுகின்றார்.

கிரேக்கத்தில் இப்போஸ் என்றால் குதிரை. எனவே அந்தத் துறை, அரிப்புக்குத் தெற்கே இதே கரையில் உள்ள குதிரைமலை என்று ஆய்வாளர் பலர் கருதுவர். இங்கே கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. கடலில் அலைந்தவன், மொழி கற்றவன், அரசனோடு பேசியவன் எல்லாம் அந்த விடுதலை பெற்ற அடிமைதான். ஆனால் பிளினியின் நூலில் அவனுடைய பெயர் இல்லை. எசமானின் பெயர் மட்டுமே இருக்கின்றது. தூது சென்ற நால்வருள் தலைவனின் பெயர் இராக்கியாஸ் என்று தரப்பட்டுள்ளது. அதுவும் இயற்பெயர்தானா, அல்லது அரசனோடு தொடர்புடைய ஒரு பட்டமா என்று அறிஞர்கள் இன்றுவரை விவாதிக்கின்றார்கள். மற்றைய மூவரும் வெறும் எண்ணிக்கையாகி விட்டனர். எகிப்தின் கிழக்குப் பாலைவனத்தில் வணிகப் பாதை ஒன்றின் அருகே, கி.பி. 6ஆம் ஆண்டில் லைசாஸ் என்பவன் தான் அன்னியஸ் புளோகாமஸின் ஆள் என்று பாறையில் கிரேக்கத்திலும் இலத்தீனிலும் பொறித்து வைத்திருக்கின்றான். அவனும் இலங்கைக்கு வந்தவனும் ஒருவனே என்று சொல்லச் சான்று இல்லை. ஆயினும் பிறர் எழுதாமல் விட்ட பெயரைத் தானே கல்லில் வெட்டி வைத்த அந்த மனிதனை என்னால் மறக்க முடியவில்லை.

அடுத்தவர் மொரோக்கோ நாட்டுப் பயணி இபின் பதூதா. 1344இல் மாலைதீவிலிருந்து புறப்பட்ட அவர், புத்தளத்தில் யாழ்ப்பாண அரசனைச் சந்தித்தார். அரசன் முன்னிலையில் முத்துக் குவியல் இருந்தது. அரசனுக்குப் பாரசீக மொழி விளங்கிற்று. பாவா ஆதம் மலைக்குச் செல்லப் பல்லக்கும் துணைக்கு ஆட்களும் தந்து அனுப்பினான். இவ்வளவும் பதூதாவின் நூலில் உள்ளன. ஆனால் அரசனின் பெயராக அவர் தருவது ஆரியச் சக்கரவர்த்தி என்பதாகும். அது அந்த வம்சத்து அரசர்கள் எல்லோருக்கும் உரிய பட்டம். அவனுடைய சொந்தப் பெயர் என்ன என்பதை நம் வரலாற்றாசிரியர்கள் ஊகித்துத்தான் சொல்ல வேண்டியிருக்கின்றது. பதூதா தம் பயணங்களை ஊர் திரும்பிய பின்னர் நினைவிலிருந்து சொல்ல, இபின் ஜுஸாய் என்ற அறிஞர் எழுதினார். நூல் முடிந்த ஆண்டு 1355. பத்தாண்டுகளுக்கு மேலாக முத்துக்களும் பல்லக்கும் நினைவில் நின்றன. பெயர் நிற்கவில்லை. பட்டம் நின்றது.

மூன்றாவது கதை அரிப்பிலேயே நிகழ்ந்தது. 1660இல் திருகோணமலைக்கு அருகே கொட்டியாரக் குடாவில் கண்டி அரசனின் ஆட்களிடம் சிறைப்பட்ட ஆங்கிலேய மாலுமிகளுள் றொபேட் நொக்ஸ் என்ற இளைஞரும், கப்பற் தலைவராக இருந்த அவருடைய தந்தையும் அடங்குவர். தந்தை அடுத்த ஆண்டே காய்ச்சலால் இறந்துபோனார். மகன் பத்தொன்பது ஆண்டுகளுக்கு மேல் கண்டி இராச்சியத்தில் கைதியாக வாழ்ந்தார். பின்னர் ஸ்டீபன் ரட்லண்ட் என்ற தோழருடன் வணிகம் செய்பவர் போலப் புறப்பட்டு, அனுராதபுரத்தைக் கடந்து, அருவி ஆற்றைத் துணையாகக் கொண்டு காட்டு வழியே நடந்து, 1679 ஒக்டோபர் 18ஆம் திகதி அரிப்புக் கோட்டையை அடைந்தார். போர்த்துக்கேயர் கட்டிய அக்கோட்டை அப்போது ஒல்லாந்தரின் வசம் இருந்தது.

நொக்ஸின் நூல் 1681இல் இலண்டனில் வெளிவந்தது. கண்டி நாட்டுப் பயிர்கள், உணவு, சட்டம், திருமணம், மொழி ஆகியவற்றைப் பற்றி அவர் தரும் தகவல்களின் நுட்பம் இன்றும் வியப்பளிக்கின்றது. கப்பலில் ஊர் திரும்பும்போதே பெரும்பகுதியை நினைவிலிருந்து எழுதினார். அத்தகைய நினைவாற்றல் உள்ளவருங்கூட, காட்டு முடிவில் சந்தித்து இது ஒல்லாந்தரின் எல்லை என்று சொல்லி உயிர் தந்தவரின் பெயரை நமக்குத் தரவில்லை. இதற்காக நான் அவரைக் குறை கூற மாட்டேன். நொக்ஸ் சிங்களம் நன்கு அறிந்தவர். அனுராதபுரத்துக்கு அப்பால் வாழ்ந்த தமிழருக்குச் சிங்களம் விளங்கவில்லை என்பதை அவரே எழுதியிருக்கின்றார். பெயரைக் கேட்பதற்கு ஒரு பொது மொழி வேண்டும். பயமின்றி நின்று பேச நேரமும் வேண்டும். தப்பி ஓடுகின்றவனுக்கு இரண்டும் இல்லை.

ஆனால், மொழியும் நேரமும் அதிகாரமும் இருந்தவர்களும் இதே கரைக்கு வந்தார்கள். ஆங்கிலேயரின் முதலாவது தேசாதிபதியான பிரடெரிக் நோத் 1798 முதல் 1805 வரை இலங்கையை ஆண்டவர். முத்துக்குளிப்பை நேரில் மேற்பார்வை செய்வதற்காக அரிப்புக் கடற்கரையில் 1801க்கும் 1804க்கும் இடையில் அவர் ஒரு மாளிகை கட்டுவித்தார். கிரேக்கரின் டொறிக் பாணித் தூண்களைக் கொண்டிருந்தமையால் ஆங்கிலேயர் அதனை டொறிக் மாளிகை என்றனர். முத்துக்குளிப்புக் காலம் வந்துவிட்டால், ஆளில்லாத இக்கரையில் ஓலைக் கொட்டில்களாலான ஒரு நகரமே சில வாரங்களுக்குள் எழும். கீழக்கரை, தூத்துக்குடி, யாழ்ப்பாணம் ஆகிய இடங்களிலிருந்து பரதவரும் முஸ்லிம்களும், பாரசீக வளைகுடாவிலிருந்து அரபியரும் வந்து சேருவர். செட்டிமார், தரகர், முத்துத் துளைப்போர், சுறாவைக் கட்டுவதாகச் சொல்லி அரசிடமே சம்பளம் பெற்ற கடற்கட்டிகள் எனப் பல்லாயிரம் பேர் கூடுவர்.

அங்கே முத்துக்களுக்குப் பெயர் இருந்தது. துளைகளின் அளவு வேறுபட்ட பித்தளைச் சல்லடைகளில் அரித்தெடுத்து, ஆணி, வடிவு, மடங்கு, குறுவல், கலிப்பு, தூள் என்று தரம் பிரித்தனர். ஒவ்வொரு முத்தும் தன் பெயரைப் பெற்றே விலை பெற்றது. கல்லைக் காலில் மாட்டிக்கொண்டு, ஒரு நிமிடம் வரை மூச்சடக்கி, அடிக்கடலுக்குச் சென்று அதனைக் கொண்டு வந்தவர் முத்துக்குளிப்பவர் என்ற ஒரு சொல்லுக்குள் அடங்கிப் போனார். 1905இல் நடைபெற்ற பெரும் முத்துக்குளிப்பில் எட்டுக் கோடிக்கு மேற்பட்ட சிப்பிகள் எடுக்கப்பட்டன. அரசுக்கு 25 இலட்சம் ரூபாவுக்கு மேல் வருமானம் கிடைத்தது. சிப்பியின் எண்ணிக்கையும் ரூபாவின் எண்ணிக்கையும் நமக்குக் கிடைக்கின்றன. மூச்சடக்கியவர்களின் பெயர்களைப் பயண நூல்களிலும் அறிக்கைகளிலும் காண்பது அரிது. 1906இல் மறிச்சுக்கட்டியில் முத்துக்குளிப்பு நடந்தபோது அங்கே இளம் அதிகாரியாகப் பணியாற்றிய லெனாட் வூல்ப், இறந்துபோன அரபு முத்துக்குளிப்பவர் ஒருவருக்காக அவருடைய தோழர்கள் துயருற்ற காட்சியைப் பிற்காலத்தில் தம் சுயசரிதையில் எழுதினார். மனிதாபிமானம் மிக்க எழுத்து அது. அதனைப் படித்து முடித்த வாசகனின் மனத்தில் நிற்பவரும் அரபு முத்துக்குளிப்பவர் ஒருவர்தாம்.

இதற்கு ஆணவமும் அசட்டையும் மட்டுமே காரணம் என்று சொல்லிவிடலாமா? மனித மூளையின் இயல்பும் இதில் சேர்ந்திருக்கின்றது. 1987இல் பிரித்தானிய உளவியலாளர் சிலர் ஒரு சோதனையை வெளியிட்டனர். அறிமுகமில்லாத முகங்களைக் காட்டி, ஒவ்வொருவரின் பெயரையும் தொழிலையும் சொல்லி, பின்னர் நினைவுகூரச் சொன்னார்கள். ஒரே சொல்லே ஒருவருக்குப் பெயராகவும் மற்றொருவருக்குத் தொழிலாகவும் சொல்லப்பட்டபோது, தொழிலாகச் சொல்லப்பட்டதே அதிகம் நினைவில் நின்றது. தமிழில் இதை இப்படி விளக்கலாம். ஒருவர் முத்துக்குளிப்பவர் என்றவுடன் கடல், கல், கயிறு, வள்ளம் என்று பல காட்சிகள் மனத்தில் எழுந்து அவரைப் பிடித்துக்கொள்கின்றன. அவர் பெயர் முத்து என்றால் அந்தச் சொல் எதனோடும் ஒட்டுவதில்லை. நாம் அறிந்த இருபது முத்துக்களுள் அவரும் ஒருவராகின்றார். எனவே தொழிலை நினைவில் வைப்பதும் பெயரை விடுவதும் மூளை தானாகச் செய்கின்ற வேலை. பெயரை நினைவில் வைப்பது நாம் முயன்று செய்ய வேண்டிய வேலை. நோத்தின் காலத்து அதிகாரிக்கு அந்த முயற்சி தேவைப்படவில்லை. முத்தை மறந்தால் அவருக்கு நட்டம். முத்துக்குளித்தவரை மறந்தால் நட்டமில்லை.

காலம் பின்னர் நோத்தையும் விட்டுவைக்கவில்லை. அவர் கட்டிய மாளிகையை இவ்வூர் மக்கள் அல்லிராணிக் கோட்டை என்றே அழைக்கின்றனர். அருச்சுனனை மணந்ததாகக் கதைப்பாடல்களில் வரும் அல்லி, குதிரைமலையிலிருந்து ஆண்டு முத்து வணிகம் நடத்தினாள் என்பது இப்பகுதியினரின் நம்பிக்கை. தேசாதிபதியின் பெயர் ஊர் நாவில் ஒட்டவில்லை. கதையோடும் பாட்டோடும் பிணைந்த அல்லியின் பெயர் ஒட்டிக்கொண்டது. உளவியலாளர் சொன்ன அதே விதிதான் இங்கும் வேலை செய்திருக்கின்றது. கதையுள்ள பெயர் நிற்கும்.

கதையைப் போலவே இடமும் பெயரைப் பிடித்து வைக்கும். கிரேக்கக் கவிஞர் சிமோனிடிசைப் பற்றிச் சிசரோ ஒரு செய்தி சொல்கின்றார். விருந்து மண்டபத்தின் கூரை இடிந்து விழுந்து, உள்ளே இருந்தவர்கள் முகம் அடையாளம் தெரியாதபடி நசுங்கி இறந்தனர். சற்று முன்னர் வெளியே வந்திருந்த சிமோனிடிஸ், யார் எங்கே அமர்ந்திருந்தார் என்பதை நினைவுகூர்ந்து ஒவ்வொருவரின் பெயரையும் சொன்னார். உறவினர் தத்தம் இறந்தவர்களை அடக்கம் செய்ய முடிந்தது. நினைவுக் கலை இவ்வாறு தோன்றியது என்பது மேலைநாட்டு மரபு.

நமது கிராமங்களுக்கு இந்தக் கலையைக் கிரேக்கர் கற்பிக்கவில்லை. மன்னார்க் கரையின் கத்தோலிக்க ஊர்களில் சூசையும் அந்தோனியும் சவிரியும் வீட்டுக்கு ஒருவர் இருப்பர். முஸ்லிம் ஊர்களிலும் ஒரே பெயருடையோர் பலர். எந்த அந்தோனி என்று கேட்டால், கோயிலடி அந்தோனி, பாலத்தடி அந்தோனி, இன்னாரின் மூத்த மகன் அந்தோனி என்று பதில் வரும். புதியவரைக் கண்டதும் பெயரைக் கேட்பதற்கு முன்னர் எந்த ஊர், யாருடைய பிள்ளை என்று நம் பெரியவர்கள் கேட்பதைச் சிலர் சாதி விசாரணை என்பர். சில வேளைகளில் அது உண்மையும்கூட. ஆயினும் அந்தக் கேள்விகளுக்குள் பெயரை மாட்டி வைக்க ஓர் ஆணி தேடும் பழக்கமும் இருக்கின்றது.

ஊர் இருக்கும்வரை இந்த முறை செல்லும். ஊர் போனால் என்ன ஆகும்? 1990 ஒக்டோபரில் வடமாகாண முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டபோது முசலிப் பகுதியின் முஸ்லிம் ஊர்களும் வெறுமையாயின. 2007 செப்டெம்பரில் இராணுவம் சிலாவத்துறையைக் கைப்பற்றிய காலத்தில் இக்கரையின் தமிழ்க் குடும்பங்கள் இடம்பெயர்ந்தன. இரு தரப்பினரும் பின்னர் திரும்பினர். எல்லோரும் திரும்பவில்லை. கோயிலடி அந்தோனி கோயிலிலிருந்து வெகுதூரத்தில் ஒரு முகாமிலோ வெளிநாட்டு மாடிக் குடியிருப்பிலோ வாழ்கின்றபோது, அவருடைய பேரப்பிள்ளைகளுக்கு எந்தக் கோயிலடி என்று தெரியாது. புத்தளத்தில் பிறந்து வளர்ந்த முசலி இளைஞனுக்குத் தன் தகப்பனாரின் தமிழ் அயலவரின் பெயர் தெரியாது. அந்த அயலவரின் பிள்ளைக்கும் இவனுடைய பெயர் தெரியாது. திரும்பி வந்து அடுத்தடுத்த காணிகளில் வேலி போடும்போது இவர்கள் புதியவர்களாகவே சந்திக்கின்றார்கள். அப்போது மறுதரப்பு தமிழர், முஸ்லிம் என்ற ஒற்றைச் சொல்லாக மட்டும் நினைவில் நின்றால், முத்துக்குளிப்பவர் என்ற சொல்லுக்கு நேர்ந்ததே இங்கும் நேரும். காணித் தகராறு ஒன்றை இன்னாரோடு எனக்குள்ள தகராறு என்று பேசினால் தீர்க்க வழியுண்டு. அவர்களோடு எங்களுக்குள்ள தகராறு என்று பேசினால் தீர்ப்பது கடினம்.

உலகெங்கும் பரந்து வாழும் நம்மவர் ஒரு காரியத்தைக் கைவிடாமல் செய்து வருகின்றனர் என்பதை இங்கே சொல்ல வேண்டும். நான் முன்னர் குறிப்பிட்ட மரண அறிவித்தல்தான் அது. இன்ன ஊரைப் பிறப்பிடமாகவும் இன்ன நாட்டை வதிவிடமாகவும் கொண்டவர் என்று தொடங்கி, பெற்றோர், துணை, மக்கள், மருமக்கள், சகோதரர், பேரர், பூட்டர் எனப் பெயர்களை அடைப்புக்குறிக்குள் நாடுகளோடு அடுக்கிச் செல்லும் அந்த வடிவத்தைச் சிலர் கேலி செய்வதுண்டு. தனிமனிதரின் பெயர்களை ஊரோடும் உறவோடும் சேர்த்துப் பதிந்து வைக்கின்ற ஏடுகளுள் சாதாரண மக்களுக்கு எட்டக்கூடியதாக இருப்பது அதுதான். ஒரேயொரு குறை, இறந்த பின்னரே அது எழுதப்படுகின்றது.

உயிரோடு இருப்பவர்களின் பெயரை நினைவில் வைக்க நான் தொழிலில் கற்றுக்கொண்டவை சிலவே. பெயர் சொல்லப்படும்போது வேறொன்றை எண்ணாமல் கேட்பது. விளங்காவிட்டால் அந்த நேரத்திலேயே மறுபடி கேட்பது. அப்போது கேட்டால் யாரும் வருந்த மாட்டார்கள். உரையாடலுக்குள் இரண்டு தடவையாவது அந்தப் பெயரைச் சொல்லி அழைப்பது. மூத்தவராயின் பெயரோடு ஐயா, அக்கா என்று சேர்த்துக்கொள்ளலாம். அந்தப் பெயரை யார் வைத்தார்கள் என்று கேட்பது. பெரும்பாலும் ஒரு பாட்டனோ, ஒரு புனிதரோ, ஒரு நேர்த்திக்கடனோ அதன் பின்னால் இருக்கும். அந்தக் கதை பெயரைப் பிடித்துக்கொள்ளும். வீடு திரும்பியதும் ஊரோடு சேர்த்து எழுதி வைப்பது.

அரிப்பு என்ற ஊர்ப் பெயருக்கு முத்தையும் மணலையும் சல்லடையில் அரித்தல் என்று சிலர் பொருள் கூறுவர். கரையை நீர் அரித்தல் என்ற பொருளும் அச்சொல்லுக்கு உண்டு. நோத்தின் மாளிகைச் சுவர்கள் பகுதி பகுதியாகக் கடலுக்குள் சரிந்து வருகின்றன. அதனைப் பார்க்கச் செல்வோர் சிதைந்த தூண்களைப் படம் எடுத்துக்கொண்டு திரும்புகின்றார்கள். செல்பவர்கள் அங்கே வழிகாட்டுகின்றவரிடமும், கரையில் வலை செப்பனிடுகின்றவரிடமும் பெயரையும், தகப்பனார் என்ன தொழில் செய்தார், பாட்டனார் முத்துக் குளித்தாரா என்பதையும் கேட்டு எழுதிக்கொண்டு வரலாம். 1925இல் நடந்த முத்துக்குளிப்பைக் கண்டவர்களின் பேரப்பிள்ளைகள் முதுமை அடைந்துவிட்டார்கள். அவர்களிடம் கேட்பதற்கு இன்னும் சில ஆண்டுகள்தாம் இருக்கின்றன.